சதுர அடைப்புக்குறிக்குள்

நிகழ்ச்சி நிரலை அடித்தது நான்தான்.
ஒன்பது மணி: கதவு திறப்பு.
ஒன்பது பத்து: நில மரியாதை, இரண்டு நிமிடம்.
ஒன்பது பன்னிரண்டு: துணைவேந்தர்,
அவசர வழிகள், கழிப்பறை, வைஃபை கடவுச்சொல்.

பழைய வளாகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்:
இந்த நிலத்தின் மரபுரிமையாளர்களான இன்னார்,
அவர்தம் மூத்தோர், மறைந்தோர், இன்றிருப்போர்.
பதினோரு ஆண்டாக
ஒலிப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கிறேன்.
எந்தச் சொல்லில் மூச்சு வாங்குவார்கள் என்று தெரியும்,
எந்தச் சொல்லில் கூட்டம் கைபேசியை அணைக்கும் என்றும்.

புதிய வளாகம் ஆற்றுக்கு இந்தப் பக்கம்.
கரை மாறினால் மக்களும் வேறு
என்று சொன்னவர் ஒரு பூங்காக் காவலர்,
தேநீரில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டே.
அலுவலகத்துக்கு எழுதினேன்.
உறுதி செய்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.
செவ்வாய் கேட்டேன். வியாழன் கேட்டேன்.
வெள்ளி மாலை
சதுர அடைப்புக்குறி போட்டு
உள்ளே ‘பெயரை இங்கே இடவும்’ என்று தட்டி
மஞ்சள் பூசி அனுப்பிவிட்டு
ரயிலைப் பிடித்தேன்.

திங்கள். முதலாண்டு மாணவர் வரவேற்பு.
டீன் ஹ்யூ ஆஷ்டவுன் நல்ல மனிதர்.
அன்று பல்வலி, இரண்டு மாத்திரை.
யாரோ கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துத் தந்த தாள்;
என் மஞ்சள் அதில் சாம்பலாய் வந்திருந்தது.
வாசித்தார்:

இந்த நிலத்தின் மரபுரிமையாளர்களான
பெயரை இங்கே இடவும் மக்களுக்கு
என் ஆழ்ந்த மரியாதை.

அறுநூறு பேர்.
யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்.
பெயரளவுக்கு என்பார்களே,
அந்த அளவுக்குக்கூட அங்கே பெயர் இல்லை.
என் விரல் ஒலிக்குமிழின்மேல்.
இறக்கினால் தெரிந்துவிடும். ஏற்றினாலும்.

நான்காம் வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.
மருந்துக்கடைச் சீருடை, நெஞ்சில் டெல்வீன் என்ற பட்டை.
பக்கத்தில் மகன்
நாற்காலிக்குள் சரிந்துகொண்டிருந்தான்,
அம்மா, உட்காரும்மா, என்று பல்லுக்குள்.
ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
வேண்டாமெனக் கையசைத்தாள்.
பெயரைச் சொன்னாள்.
ஒரே முறை.
மூன்று அசை. நடுவில்
நாக்கு வளைந்து எதையும் தொடாமல் திரும்பும் ஓர் ஒலி.
என்னிடமிருந்த இருபத்தாறு எழுத்தில் அதற்கு எழுத்தில்லை.
பிறகு,
‘நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்’ என்றாள்,
‘வண்டி நிறுத்த இருபத்திரண்டு டாலர் கட்டிவிட்டு.’
உட்கார்ந்துவிட்டாள்.

கைதட்டினார்கள்.
எனக்கு அது பிடிக்கவில்லை.
தப்பித்தவர்கள் தட்டுவதுபோல் இருந்தது.
ஹ்யூ மன்னிப்புக் கேட்டார், முறையாகவே கேட்டார்.
பெயரைத் திருப்பிச் சொல்லப் பார்த்தார்;
முதல் அசையைத் தாண்டவில்லை.
ஒன்பது பதினேழு. நிரலில் ஐந்து நிமிடம் தாமதம்.
தாளைத் தயாரித்தது யாரென்று எவரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

மாலை, காலி அரங்கில்
பதிவைத் திரும்பப் போட்டேன்.
ஒலிவாங்கி என் கையில் தூரத்தில் இருந்திருக்கிறது.
பெயர், குளிர்சாதன இரைச்சலுக்குள் ஒரு நூல்.
ஏற்றினேன்.
இரைச்சலும் கூடவே ஏறியது,
யாரோ நாற்காலியை இழுத்ததும்,
கூரைமேல் ஒரு மேக்பை பாடியதும்,
அதுவரை நான் கேட்டிராத என் செருப்புச் சத்தமும்.
வளைந்து திரும்பும் அந்த ஒலி மட்டும்
பிடி கொடுக்கவில்லை.

அந்தக் காசையாவது திருப்பித் தரலாமென்று
வாகன நிறுத்தப் படிவத்தைத் திறந்தேன்.
காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்:
இயந்திரக் கோளாறு,
இருமுறை செலுத்தியது,
தவறான வண்டி எண்,
மற்றவை.
மற்றவையைத் தொட்டேன்.
ஐம்பது எழுத்துக்குள் விளக்கவும் என்றது.
பட்டா அவர்களுடையது, என்று தொடங்கி
அழித்தேன். பட்டாவா இருந்தது அவர்களுக்கு?
ஆறு இருந்தது.
அதையும் அழித்தேன்.

கீழே இன்னொரு கட்டம்,
சாம்பல் நிறத்தில், தானாகவே நிரம்பியிருந்தது.
இடத்தின் உரிமையாளர்: பல்கலைக்கழகம்.
திருத்த முடியாது என்று தெரியும்.
ஆனாலும் அதன்மேல் சொடுக்கிப் பார்த்தேன்,
இரண்டு முறை.